எட்டில் ஆறு

அந்த அம்மாவிடம் மணி கேட்டால்கூட நேராகப் பதில் வராது. கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "என் வாட்ச்ல மூணு இருபது. இது ரெண்டு நிமிஷம் முந்திப் போகுதுன்னு நினைக்கிறேன், சரியாத் தெரியல," என்பார். கேட்டவன் அதற்குள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொண்டு நடையைக் கட்டியிருப்பான்.

பட்டறையில் நாங்கள் அவருக்கு வைத்த பேர் கதவு மிஸ். உண்மைப் பேர் எனக்குத் தெரியும், ஆனால் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்று எனக்கு ஒரு எண்ணம். "பிடிக்காதுன்னு நான் எப்போ சொன்னேன்?" என்று அதற்கும் கேட்பார், அது வேறு விஷயம்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு தெருவில் என் பட்டறை இருந்தது. மோதி நசுங்கி வருகிற கார்களைத் தட்டி நிமிர்த்துவது என் வேலை. நிமிர்த்தியதற்குப் பெயின்ட் அடிப்பது ஆ கிம் வேலை. அவருக்குச் சீனமும் மலாயும் தெரியும், தமிழில் திட்டுவதற்கு மட்டும் தெரியும். நான் கற்றுக் கொடுத்ததுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை இந்த அம்மா வாசலில் வந்து நின்றார். கைத்தறிச் சேலை, காலில் பள்ளிப் பிள்ளைகள் போடுகிற கேன்வாஸ் ஷூ, தோளில் ஒரு துணிப்பை. பையிலிருந்து ஒரு இரும்பு அளவுகோல் எட்டிப் பார்த்தது.

"அண்ணே, பக்கவாட்டுல அடிபட்ட வண்டி ஏதாச்சும் இருக்குங்களா?"

"இருக்கு. வாங்கப் போறீங்களா?"

"இல்ல. கதவு எவ்வளவு உள்ள போயிருக்குன்னு அளக்கணும்."

"நான் இன்னும் ரெண்டு மணி நேரத்துல நிமிர்த்தப் போற கதவை அளந்து என்ன பண்ணப் போறீங்க?"

அப்போதுதான் விவரம் சொன்னார். கிளமெண்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கூடத்தில் அவருக்கு வேலை. ஒரு டாக்டரும் அவரும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி. கார் பக்கவாட்டில் மோதும்போது மனிதனுடைய நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்களாம். கதவு ஒரு எடை, விலா எலும்பு ஒரு ஸ்பிரிங், இதயம் இன்னொரு எடை. இப்படி எல்லாவற்றையும் எண்ணாக மாற்றி உள்ளே போட்டால், அது அரை நாள் ஓடி, கால் விநாடியில் நடந்து முடிந்ததைச் சொல்லும்.

"கால் விநாடிக்கு அரை நாளா? கம்ப்யூட்டரு ரொம்ப ஸ்லோ லா மிஸ்," என்றேன்.

சிரிக்கவில்லை. "ஆமா, ஸ்லோதான்," என்று ஒப்புக்கொண்டார்.

ஒரு நூலை எடுத்தார். கதவில் நசுங்காத முன் ஓரத்திலிருந்து நசுங்காத பின் ஓரத்துக்கு இழுத்துக் கட்டினார். நூலுக்கும் நசுங்கல் குழிக்கும் இடையே ஏழு இடத்தில் அளந்தார். அளந்துகொண்டே சொன்னார்: "நெஞ்சுக்குள்ள இதயத்துலேர்ந்து ஒரு பெரிய ரத்தக்குழாய் மேல கிளம்பி, வளைஞ்சு, முதுகெலும்பு ஓரமா கீழ இறங்குது. பெருநாடின்னு சொல்வாங்க. வளைவு வரைக்கும் அது தொங்குற மாதிரி. அதுக்கப்புறம் முதுகோட ஒட்டியிருக்கு. பக்கத்துலேர்ந்து இடிச்சா இதயம் ஆடும், ஒட்டின இடம் ஆடாது."

"அப்போ ஒட்டின இடத்துக்குப் பக்கத்துல கிழியும்," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "எப்படிச் சொல்றீங்க?"

"சைலன்சர் பைப்பு அப்படித்தான் விரியும். பிராக்கெட் போட்டுக் கட்டின இடத்துக்கு ஒட்டினாப்புல. வெறுமனே தொங்குற இடத்துல விரிஞ்சு நான் பார்த்ததில்ல."

நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினீங்க என்று கேட்டேன். வாசித்துக் காட்டினார். சைலன்சர் குழாய் பிராக்கெட் ஓரம் விரியும், பட்டறைக்காரர் சொன்னது, நான் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"நீங்க பொய் சொல்றீங்கன்னு எழுதல அண்ணே. நான் பார்க்கலன்னு எழுதியிருக்கேன்."

அடுத்த வாரம் வந்தபோது சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜாக்கியில் ஏற்றியிருந்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். ஆ கிம் பதறிப்போய் அட்டையைக் கொண்டு வந்து விரித்தார். மூன்று வண்டிகளின் சைலன்சரைப் பார்த்துவிட்டு எழுந்து, பழைய வரியை அடித்துவிட்டு, மூன்று பார்த்தேன் என்று எழுதினார். எனக்கு அன்றைக்குத்தான் அவரைப் பிடித்துப் போனது.

பிடித்துப் போனது என்றாலும் அவரோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பது கஷ்டம். ஒரு தடவை டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வயசைக் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான், வாய் சும்மா இருக்காது எனக்கு. "சர்டிஃபிகேட்ல முப்பத்தெட்டு. அம்மா சொல்றபடி முப்பத்தொம்பது. எது சரின்னு தெரியல," என்றார். சரி, வந்தது வந்தாச்சு என்று, "கல்யாணம்?" என்றேன். "ஆகல." "ஏன் மிஸ்?" கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். "தெரியல அண்ணே," என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

இன்னொரு நாள் இன்சூரன்சிலிருந்து ஒருத்தர் வந்தார். டை கட்டின ஆள். இந்த அம்மா கதவை அளப்பதைப் பார்த்ததும் குழைந்து குழைந்து பேசினார். "இடிச்ச லோரி டிரைவர் ஸ்பீடாத்தான் வந்திருக்கான், உங்க அளவே சொல்லுதே மேடம். ஒரு வரி எழுதிக் கொடுத்தீங்கன்னா போதும்."

"கதவு பதினொரு அங்குலம் போயிருக்கு. அதை எழுதித் தரேன்," என்றார்.

"ஸ்பீடா வந்தான்னு?"

"அவரு எவ்வளவு வேகமா வந்தாருன்னு கதவை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. லோரி எவ்வளவு வெயிட்டுன்னு சொல்லுங்க, பிரேக் தடம் எவ்வளவு நீளம்னு சொல்லுங்க, அப்புறம் பேசலாம்."

டைக்காரர் போன பிறகு நான் சிரித்த சிரிப்பில் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டேன். அந்த டிரைவர் பையனுக்குச் சாதகமாகப் பேசினார் என்று சந்தோஷப்பட்டேன். அதுவும் தப்பு. நாலு நாள் கழித்து அந்தப் பையனே வந்து, நான் மெதுவாத்தான் வந்தேன்னு எழுதிக் கொடுங்க என்று கெஞ்சினான். அவனுக்கும் பதினொரு அங்குலம்தான் கிடைத்தது.

இப்போது நாங்கள் செய்த ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடியில் படாமல் இருக்க நாங்கள் பழைய பேப்பர் ஒட்டுவோம். இந்த அம்மா ஒரு நாள் பெரிய கட்டுக் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு மதியம் சாப்பிடப் போயிருந்தார். இரண்டு ஓரத்திலும் ஓட்டை ஓட்டையாக, அகலமான கம்ப்யூட்டர் காகிதம். ஆ கிம்முக்கு அதைவிட நல்ல காகிதம் வாழ்க்கையிலேயே கிடைத்ததில்லை. ஒரு டாக்ஸியின் முன் கண்ணாடி, பின் கண்ணாடி, நாலு ஜன்னல், எல்லாவற்றையும் மூடி, மஞ்சள் பெயின்ட் அடித்தே விட்டார்.

அம்மா திரும்பி வந்தார். டாக்ஸியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன். அவரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முன் கண்ணாடியில் தெரிகிற எண்களை நோட்டில் எழுத ஆரம்பித்தார். மறுபடி அச்சுப் போட்டு வாங்க நாலு நாள் ஆகும், அந்தக் கூடத்தில் வரிசையாம். நானும் குற்ற உணர்ச்சியில் பக்கத்தில் நின்று எண்களை வாசித்துக் கொடுத்தேன். ஓர் இடத்தில் பெயின்ட் திட்டு. அதற்கு மேலே பன்னிரண்டு புள்ளி மூன்று, அதற்குக் கீழே பன்னிரண்டு புள்ளி ஏழு.

"நடுவுல பன்னிரண்டு புள்ளி அஞ்சுதான் மிஸ். எழுதிக்குங்க."

"இருக்கலாம்," என்றார். கட்டத்தைக் காலியாக விட்டார்.

"ஒன்னாங்கிளாஸ் பிள்ளைகூடச் சொல்லும் மிஸ்."

"சொல்லும். ஆனா அது நான் பார்த்த எண் இல்லையே."

நாலு நாள் கழித்து மறு அச்சோடு வந்தார். நான் ஓடிப்போய் முதலில் அந்த இடத்தைத்தான் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளி நாலு. என்னிடம் காட்டிப் பெருமைகூட அடிக்கவில்லை, நோட்டில் நிரப்பிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டார். பெருமை அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இவ்வளவு பழகிய பிறகுதான் ஒரு நாள் கேட்டேன். கேட்க வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே உள்ளுக்குள் இருந்தது, தைரியம் வரவில்லை.

"அந்தக் குழாய் கிழிஞ்சா ஆளு அங்கேயே போயிடுவாங்களா மிஸ்?"

"முக்கால்வாசிப் பேர் அங்கேயே. சில பேர் கொஞ்ச நேரம் இருப்பாங்க. எழுந்து நடப்பாங்க, பேசுவாங்க. குழாயோட உள்பக்கம் கிழிஞ்சிருக்கும், வெளித்தோல் மட்டும் பிடிச்சிக்கிட்டு இருக்கும். வெளிய ஒரு காயமும் தெரியாது."

கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு எட்டு வருஷம் முன்னால், எழுபதுகளின் நடுவில், என் தங்கச்சி செல்வியின் புருஷன் இறந்துபோனார். செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர். மறுநாள் அவர்கள் பிள்ளைக்குக் காதுகுத்து. பூமாலைக்குச் சொல்லிவிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போகத் தன் சின்னக் காரில் தேக்கா சந்தைப் பக்கம் வந்திருந்தார். திரும்பும்போது ஒரு சந்திப்பில் சிவப்பு விளக்கில் நிற்காமல் வந்த லோரி அவர் பக்கத்துக் கதவில் இடித்துவிட்டது. அவரே கோப்பிக் கடையிலிருந்து எனக்கு ஃபோன் போட்டார். "மச்சான், வண்டி போச்சு. வந்து இழுத்துக்கிட்டுப் போ."

இழுவை லோரியை எடுத்துக்கொண்டு போனேன். நான் முதலில் பார்த்தது வண்டியை. அதை மறைக்க மாட்டேன். கதவு எவ்வளவு போயிருக்கிறது, நடுத்தூண் வளைந்திருக்கிறதா, நிமிர்த்த முடியுமா, தூக்கிப் போட வேண்டியதுதானா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பிறகுதான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். நடைபாதை ஓரத்தில் நின்று வெற்றிலைக் கட்டை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "முதுகு மட்டும் பிடிச்ச மாதிரி இருக்கு," என்றார். "தைலம் தேய்ச்சா விட்டுரும் மாப்ளே," என்றேன்.

பட்டறைக்கு வந்து செம்பவாங்கில் அவர்கள் வீட்டுக்குக் கீழே இருந்த மளிகைக்கடைக்கு ஃபோன் போட்டு, செல்வியைக் கூப்பிடச் சொல்லிப் பேசினார். நான் காரைக் கொக்கியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். "சரி, சரி, வந்துர்றேன்" என்று அவர் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. அப்புறம் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மூன்று மாடி ஏறினார், என் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு. சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நெஞ்சுக்குள் பெரிய குழாய் கிழிந்திருந்தது என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எழுதியிருந்தார்.

சாவு வீட்டில் ஒருத்தர் கேட்டார், ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இவன் வண்டியத்தான் பார்த்திருப்பான்" என்று யாரோ சொன்னது சரியாகத்தான் இருந்தது. செல்வியும் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அன்றையிலிருந்து என்னோடு பேச்சில்லை. தீபாவளிக்கு நான் பலகாரத் தட்டு அனுப்பினால் அவள் பலகாரத்தோடு தட்டு திரும்பி வரும். ஒரு வார்த்தை வராது. தெம்பனிஸில் புது வீடு வாங்கிப் போனதைக்கூட மூன்றாம் ஆள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் கதவு மிஸ்ஸிடம் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, "எங்க மாப்ளயையும் உங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க மிஸ்," என்றேன். "எப்படியும் பொழச்சிருக்க மாட்டாருன்னு அது சொல்லிச்சின்னா, அந்தக் காகிதத்தை எடுத்துக்கிட்டுப் போய்த் தங்கச்சிகிட்டக் காட்டுவேன். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

"கதவு இருக்கா?" என்றார்.

கதவு இருந்தது. பின்கட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். சாக்கை எடுத்ததும் குனிந்து பார்த்தார். கையால் தடவிப் பார்த்தார். கதவு கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு மடிப்பில்லை, ஒரு நெளிவில்லை.

"அண்ணே, இதுல அளக்க ஒண்ணும் இல்லையே."

காரியம் முடிந்த மறுநாள் அந்தக் கதவைக் கழற்றி, மூன்று நாள் உட்கார்ந்து தட்டியிருந்தேன். காரே பழைய இரும்புக்குப் போய்விட்டது. யாரும் கேட்காத கதவை எதற்குத் தட்டினேன் என்றால், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நிமிர்த்திவிட்டால் நெஞ்சு ஆறும் என்று நினைத்தேன். என் வேலையிலேயே அவ்வளவு சுத்தமான வேலை வேறு கிடையாது. இப்போது அது எதற்கும் உதவாமல் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த அம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஞாபகத்துலேர்ந்து காட்டுங்க," என்றார். ஒரு சாண், நாலு விரல் என்று கையை வைத்துக் காட்டினேன். அளந்து எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் மறுபடி காட்டச் சொன்னார். அதற்கடுத்த வாரமும். போன தடவை என்ன காட்டினேன் என்று சொல்லவே இல்லை. மூன்று தடவையும் மூன்று அளவு வந்ததாம். "அப்போ இந்தக் கம்மியான அளவுலேர்ந்து இந்தக் கூடின அளவு வரைக்கும் எட்டு தடவை ஓட்டிப் பார்க்கிறேன்," என்றார். மாப்பிள்ளையின் எடை, உயரம், உட்கார்ந்த இடம் எல்லாம் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் எனக்குத் தூக்கமில்லை. செல்வி வீட்டு வாசலில் நின்று காகிதத்தை நீட்டுவதையே மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசிப்பாள், கதவைத் திறப்பாள், உள்ளே வாங்கண்ணே என்பாள்.

காகிதம் வந்தது. மேஜையில் விரித்தார்.

"எட்டுல ஆறு தடவை, இடிச்ச அந்த நேரத்துலேயே குழாய் கிழியுது. நீங்க படி ஏத்தினதாலேயோ தைலம் தேய்க்கச் சொன்னதாலேயோ ஆரம்பிச்சதா எனக்குத் தெரியல."

"மிச்சம் ரெண்டு?"

"கம்மியான அளவு ரெண்டுலயும் கிழியல. இழுப்பு கிழியற அளவுக்குப் பக்கத்துல வந்து நின்னுடுது."

"அந்த ரெண்டும் தப்பு மிஸ். அவருக்குக் கிழிஞ்சதுன்னு டாக்டரே எழுதியிருக்காரே."

"அவருக்குக் கிழிஞ்சது உறுதி. அது எப்போங்கிறதுதான் கேள்வி. கதவு நசுங்கினபடியே இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

கதவு என்றதும் எனக்குச் சுட்டது. அதை விட்டுவிட்டு, "சரி. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் பொழச்சிருக்க மாட்டாரு, அதானே?" என்றேன்.

"அது என் கணக்குலேயே இல்ல அண்ணே. என் கணக்கு கால் விநாடியோட முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் டாக்டர் என்ன செஞ்சிருக்க முடியும்னு எனக்குத் தெரியாது."

"தெரியாட்டி என்ன, எழுதுங்களேன். ஒரே ஒரு வரி. யாருக்கு நஷ்டம்? அந்த ரெண்டு வரியையும் கிழிச்சிட்டுக் குடுங்க. அவ படிச்சவ இல்ல, பார்க்கப் போறதில்ல."

"நான் பார்த்துட்டேனே," என்றார்.

அப்போது நான் பேசிய பேச்சை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. மனுசியா நீங்க என்று கேட்டேன். எண்ணைத் தவிர உங்களுக்கு என்ன தெரியும், புருஷன் பிள்ளை இருந்தால்தானே தெரியும் என்றும் கேட்டுவிட்டேன். ஆ கிம்முக்கு வார்த்தை புரியவில்லை, ஆனால் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அந்த அம்மா காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். மடிப்பு கோணலாக விழுந்திருந்தது. அதை நான் பார்த்தேன்.

"உங்க தங்கச்சி அட்ரஸ் குடுங்க. நானே போய்ச் சொல்றேன்."

"என்னன்னு? எட்டுல ஆறுன்னா? போங்க, போய்ச் சொல்லிப் பாருங்க, வாசல்ல நிக்க வெச்சே அனுப்புவா." ஒரு பெயின்ட் டப்பா அட்டையில் முகவரியைக் கிறுக்கி எறிந்தேன். குனிந்து எடுத்துக்கொண்டு போனார்.

இந்த இடத்தில் அவரைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் கழித்து, ஒன்றும் நடக்காத மாதிரி நூலும் அளவுகோலுமாக வந்தார். மன்னிச்சிருங்க மிஸ் என்றேன். "நீங்க சொன்னதுல ஒண்ணு சரி. புருஷன் பிள்ளை இருந்தா எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியாதுதான்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அது இன்னும் வலித்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம்போல வந்தார். ஆராய்ச்சி முடிந்ததும் வருவது நின்றுவிட்டது. பிறகு வெளிநாடு போனதாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை.

அந்த மூன்று வாரத்துக்கு நடுவில், ஒரு நாள் பதினொரு மணி வாக்கில், செல்வி பட்டறைக்கு வந்தாள். தெம்பனிஸிலிருந்து பஸ்ஸில். நான் ஒரு மட்கார்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். சத்தத்தில் அவள் வந்து நின்றதே தெரியவில்லை. நிமிர்ந்தால் எதிரே நிற்கிறாள். தலையில் பாதி நரைத்திருந்தது.

"அந்த அக்கா வந்தாங்க," என்றாள். "ரெண்டு மணி நேரம் இருந்தாங்க. அண்ணன் அனுப்பினாரான்னு கேட்டேன். அட்ரஸ் குடுத்தாரு, கோவமாக் குடுத்தாருன்னு சொன்னாங்க."

சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாப் பொழச்சிருப்பாரான்னு கேட்டேன். தெரியாதுன்னுட்டாங்க. எட்டு வருஷமா எல்லாரும் எனக்கு ஏதாச்சும் ஒண்ணு சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்கண்ணே. விதின்னாங்க. இல்லாட்டி உன் அண்ணன்தான்னாங்க. ஒருத்தரும் தெரியாதுன்னு சொன்னதில்ல. அவங்க அப்படிச் சொன்னதும் என்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடியல. அவங்ககிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லணும்."

"என்னம்மா?"

"அன்னிக்கு அவரு ஃபோன்ல என்ன கேட்டாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"வந்துர்றேன்னு சொன்னாரு. அதுதான் எனக்குக் கேட்டுச்சு."

"அதுக்கு முன்னாடி. முதுகு ஒரு மாதிரி வலிக்குது செல்வி, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரட்டுமான்னு கேட்டாரு. விடிஞ்சாக் காதுகுத்து, வீடு நிறைய ஆளு, ஒத்தையா என்னைத் தவிக்க விட்டுட்டு அங்க போய் உட்காரப் போறீங்களான்னு நான்தான் கத்தினேன். மளிகைக்கடையில நின்னுக்கிட்டு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. சாவு வீட்டுல உங்களைக் கேட்டாங்க. நான் வாயத் தொறக்கல. தலையக் குனிஞ்சிக்கிட்டேன். அப்புறம் உங்க மூஞ்சில முழிக்கவே முடியல."

நான் எட்டு வருஷம் அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே," என்றாள். "நீங்க சொல்லுங்க. அன்னிக்குப் போகச் சொல்லியிருந்தாப் பொழச்சிருப்பாரா?"

இல்லம்மா, எப்படியும் பொழச்சிருக்க மாட்டாரு என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எனக்கு யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் கெஞ்சிய அதே வார்த்தை. சொல்லியிருந்தால் அவள் தலையை ஆட்டிக்கொண்டு, சரிண்ணே என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போயிருப்பாள். தீபாவளிக்குத் தட்டு மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கும்.

"தெரியலம்மா," என்றேன். "எனக்கும் தெரியல."

அவள் அப்படியே என் மேல் சாய்ந்தாள். புருஷன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. ஆ கிம் வேலையை நிறுத்திவிட்டு வெளியே போனார். என் கையெல்லாம் கிரீஸாக இருந்தது. அந்தக் கையோடே அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.